சாரமில்ல

நாகர்கோவிலில், சனிக்கிழமை, இரண்டாம் அமர்வு.
கேட்பது எப்படி என்று
எங்களுக்குச் சொல்ல
நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

பதினேழு நீதிபதிகள். ஆளுக்கொரு நீலக் கோப்பு.
சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏசி இரைச்சலில்
குழித்துறைக்காரர் கண்மூடி
யோசித்துக்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு அலுவலர் கொறற்றி மேரி
பலகையில் மூன்று சொல் எழுதினார்.
சவட்டு. வெப்ராளம். சாரமில்ல.
"வெளிமாவட்டத்து சாருமாரு சொல்லணும்" என்றார்.

நான் போளூர்க்காரன்.
இரணியலுக்கு மாற்றலாகி வந்து பதினோரு மாதம்.
சவட்டு என்றால் உதை,
முதல் வாரமே தட்டச்சர் சொல்லிவிட்டார்.
வெப்ராளம், நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்வது.
மன உளைச்சல் என்று போட்டுவிடுவோம்,
படிவத்தில் அதற்குக் கட்டம் உண்டு.

மூன்றாவதற்கு நான் கை தூக்கினேன்.
"விஷயத்தில் சத்து இல்லை. ஆதாரமில்லை."

தேநீர்த் தட்டோடு நின்ற பையன் சிரித்துவிட்டான்.
கொறற்றி சிரிக்கவில்லை.
"பரவாயில்லண்ணு அர்த்தம் சார்.
கால்ல கல்லு இடிச்சு ரத்தம் வந்தாலும்
எதிர நிக்க ஆளு பதறப்பிடாதுண்ணு சொல்லியது."

பிறகு அவர் வேறு எதற்கோ போய்விட்டார்,
இடைக்கால உத்தரவு, அறுபது நாள் கெடு, வசிக்கும் உரிமை.
நான் பிப்ரவரிக்குப் போயிருந்தேன்.

விஜிலா. வயது இருபத்தொன்பது.
வில்லுக்குறிப் பக்கம் அண்டியாபீசில் வேலை.
கொட்டையெண்ணெய் தின்ற கறுத்த விரல்கள்.
எது தொழிலின் கறை, எது சிகரெட் வைத்த இடம் என்று
மேடையிலிருந்து பார்த்தால் பிரியாது.
இறங்கிப் பார்க்கவுமில்லை.
அன்று பட்டியலில் நாற்பத்தாறு வழக்கு,
காசோலை, வரப்புத் தகராறு, ஹெல்மெட்.

"மறுபடி அடித்தாரா?"
பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.
மூன்றடி தள்ளி அவன், இஸ்திரி போட்ட சட்டையில்.
அவன் பக்கத்தில் அவன் அம்மா,
மடியில் உறங்கும் விஜிலாவின் பிள்ளை.

"சாரமில்ல சார்."

இன்னொரு முறை கேட்டேன்.
கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
"சாரமில்ல."

உத்தரவின் ஒன்பதாம் பத்தி மனப்பாடம்:
மனுதாரரே தம் புகாரில் சாரமில்லை என்று
ஒப்புக்கொண்டுள்ள நிலையில்.
நல்ல வாக்கியம் என்று அன்று தோன்றியது.
தீர்ப்புத் தமிழில் இப்படி ஒரு சொல்
தானாக வந்து விழுந்ததில்
சின்ன சந்தோஷம்கூட.

மாலையில் கருத்துப் படிவம்.
பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா? ஆம், டிக்.
உணவு? நன்று, டிக்.
இதனால் தங்கள் பணியில் என்ன மாற்றம்?
இரண்டு வரிக்கு இடம்.

என் உத்தரவை நானே திருத்த முடியாது.
மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்,
அது தீர்ந்து நாலு மாதம்.
இதையெல்லாம் இரண்டு வரியில் எழுதலாமா?
எழுதினால் யார் படிப்பார்கள்?
காலியாகவே கொடுத்தேன்.
வாங்கியவர் எண்ணி அடுக்கினார்.

தோட்டியோடு தாண்டியதும்
வறுத்த தோட்டின் காரநெடி காருக்குள் வந்தது.
வேலைவிட்ட பெண்கள் சாலையோரம்.
ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்,
எனக்காக இல்லை, பள்ளத்துக்காக.
கைகளைப் பார்த்தேன். எல்லாமே கறுப்பு.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை. முதல் மனு வேறொருத்தி,
சுயம்புகனி, திங்கள்நகர்.
அவள் சொல்லச் சொல்லத்
தட்டச்சர் வழக்கம்போல் என் முகம் பார்த்தார்,
அதை நான் கோர்ட்டுத் தமிழில் மாற்றித் தர.
"அவங்க சொன்னதையே போடுங்க."
"சவட்டுனாருண்ணா சார்?"
"ஆமா."
"எழுத்துல எப்பவும் அப்படி வராதே" என்றபடி
அடித்தார்.

நேராகப் பார்த்துக் கேட்கலாமென்று
பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

அதைப் பார்த்தாள் சுயம்புகனி.
எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து,
கும்பிட்டு,
கூண்டிலிருந்து இறங்கத் தொடங்கினாள்.